நான்காவது சுற்று

சுழன்று முடித்தவுடன் குனிந்து பனியைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியாளர் மேகன் பழக்கியிருந்தாள். ஸ்கேட்டிங் காலணியின் பிளேடு எங்கெல்லாம் அலைந்தது என்பதைப் பனி எழுதி வைத்திருக்கும். நன்றாக அமைந்த சுழற்சியின் தடம், காப்பித் தம்ளரின் அடிப்பாகம் மேசையில் விட்டுச்சென்ற ஈரம் போல, வட்டத்தின்மேல் வட்டமாக ஒரே இடத்தில் கிடக்கும். நாகலக்ஷ்மியின் தடம் அப்படிக் கிடக்கவில்லை. இழுத்துவிட்ட கம்பிச்சுருளைப் போல ஐந்தடி நீளத்துக்கு நகர்ந்து, கடைசியில் ஒரு கிறுக்கலில் முடிந்திருந்தது. இந்த நகர்தலுக்கு மேகன் வைத்திருந்த பெயர் ‘டிராவல்’. நாகலக்ஷ்மி சுருள்களை எண்ணினாள். இரண்டு. மூன்றாவது பாதியில் அறுந்திருந்தது.

காலை ஆறு மணி இருபது நிமிடம். தேர்வுக்கு இருபது நாட்கள் இருந்தன.

“தோடு கீடு ஏதும் விழுத்திட்டீரோ? இவ்வளவு நேரமா குனிஞ்சு தேடுறீர்.”

நேசமலர் பின்னால் வந்து நின்றிருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, குழந்தைகள் மருத்துவர், நாகலக்ஷ்மியைவிட எட்டு வயது மூத்தவள். இந்த அதிகாலை வகுப்பில் தமிழ் பேசக்கூடியவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே.

“மூணாவது சுத்தைத் தேடறேன், அக்கா.”

“அது அடுத்த ஊர் லிவர்மோர் பக்கம் உருண்டு போயிருக்கும். நீர் சுத்தேல்ல, ஊர்வலம் போயிருக்கிறீர்.”

நாகலக்ஷ்மி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையுறைக்குள் இடது மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். எலும்பில் திருகிவைத்த உலோகத் தகடு அங்கேதான் இருந்தது.

வயதுவந்தவர்களுக்கான ஃபிகர் ஸ்கேட்டிங் தேர்வில் அவள் கடக்க வேண்டிய நிலையில் கேட்கப்படுவது மிகுதியில்லை. சில தாவல்கள், சில அடிவைப்புகள், ஒற்றைக் காலில் நின்றபடி ஒரு சுழற்சி, குறைந்தது மூன்று முழுச் சுற்றுகள். தாவல்கள் வந்துவிட்டன, அடிவைப்புகளும் வந்துவிட்டன. மூன்று சுற்றுகள் மட்டும் பதினான்கு மாதங்களாக வரவில்லை. இரண்டரையில் உடல் சாயும், தூக்கிய கால் தானாகத் தரையைத் தேடும். நுழையும் வளைவை இன்னும் ஒரு கணம் பொறுத்துப் பிடி, நீ அவசரப்படுகிறாய் என்று மேகன் ஒவ்வொரு முறையும் சொல்வாள். மேகனுக்கு இருபத்தாறு வயது. அவசரத்துக்கும் பயத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த வயதுக்காரிக்கு விளக்குவது கடினம் என்று நாகலக்ஷ்மி நினைத்துக்கொள்வாள்.

அவளுடைய வேலை, இன்சுலின் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் மென்பொருளைச் சோதிப்பது. எது, எப்போது, எந்த வரிசையில் பழுதாகும் என்று யாரும் நினைக்காததை நினைத்துப் பார்ப்பதற்கு அவளுக்குச் சம்பளம். அந்த நினைப்பு மாலை ஐந்து மணிக்கு நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். மகள் அதிதி ஓட்டுநர் உரிமம் வாங்கிய நாளிலிருந்து ஃப்ரீவேயில் நடக்கக்கூடிய அத்தனை விபத்துகளையும் அவள் மனம் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்திருக்கிறது. கணவன் தொலைபேசியை எடுக்காவிட்டால் மூன்றாவது மணியிலேயே ஆம்புலன்ஸ் வரை போய்விடும். பனியில் மட்டும் அந்தப் பயத்துக்கு ஓர் அளவு இருந்தது. அது வலது காலுக்கும் இடது காலுக்கும் நடுவில், ஒரு விரற்கடை அகலத்தில் இருந்தது. அதைக் கண்ணால் பார்க்கலாம், நகர்த்த முயலலாம். வாரத்தில் மூன்று விடியல்களில் ஐம்பது நிமிடங்களுக்கு அவள் வேறெதற்கும் பயப்படுவதில்லை.

அந்த ஐம்பது நிமிடங்களைத்தான் அவள் பணயம் வைத்திருந்தாள்.

நவம்பரில் இதே சுழற்சியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன், எமர்ஜென்சியின் திரைச்சீலைக்குள், கணவன் ராமசுப்ரமணியன் அவளுடைய மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லாபரட்டரியில் இருபது வருடமாக லேசர்களுடன் வேலை செய்பவன். எதையும் அளந்துதான் பேசுவான். அன்று அளக்கவில்லை.

“போதும் நாகு. ஸ்கேன்ல எலும்பு டென்சிட்டி வேற கம்மின்னு சொல்றாங்க. இனிமே வேண்டாமே, ப்ளீஸ்.”

“ஒரே ஒரு டெஸ்ட்” என்றாள் அவள், மருந்தின் மயக்கத்தில். “அது மட்டும் அட்டெம்ப்ட் பண்றேன். பாஸ் ஆகலைன்னா ஷூவை யாருக்காவது டொனேட் பண்ணிடலாம்.”

அவன் கேட்காத வாக்கு அது. கொடுத்தபின் அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மயக்கம் தெளிந்த பிறகு அதைத் திரும்பப் பெற அவளுக்கும் நா எழவில்லை.

தேர்வுக்குப் பதினெட்டு நாட்கள் இருந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கோயிலுக்குப் போனார்கள். அதிதிக்குப் பதினாறு வயது. அம்மா தேர்வுக்காக வேண்டிக்கொள்ளப் போகிறாள் என்று தெரிந்ததால், தான் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. எழுதும்போது அம்மா தனக்காக எடுத்துக்கொண்ட அதே அக்கறை இதற்கும் உண்டா என்று பார்க்க வந்திருந்தாள். ஏழு வயதில் தொடங்கி ஆறு வருடம் ஸ்கேட்டிங் கற்றுவிட்டு, ஒரு நாள் போதும் என்று நிறுத்தியவள் அவள். நிறுத்திய பிறகும் சனிக்கிழமைகளில் நாகலக்ஷ்மிக்கு ஐந்து மணிக்கு விழிப்பு வந்துகொண்டிருந்தது. ஆறு வருடம் பார்வையாளர் பலகையில் குளிரில் உட்கார்ந்திருந்தவள் ஏழாவது வருடம் உள்ளே இறங்கினாள். அவ்வளவுதான் அதன் கதை.

சிவன் சன்னிதியில் தீபாராதனை முடிந்தது. நாகலக்ஷ்மி விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு, கைகூப்பி, கண்ணை மூடி, நின்ற இடத்திலேயே தன்னைத் தானே மூன்று முறை சுற்றினாள். ஐந்து வயதில் அம்மா தோளைப் பிடித்துத் திருப்பிவிட்ட நாளிலிருந்து செய்வது. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. மூன்று சுற்று முடிந்ததும் உடல் நிற்கும். கை மார்பில் சேர்ந்திருக்கும். எதிரே சாமி இருக்கும்.

“அம்மா” என்று அதிதி முழங்கையைப் பற்றினாள். குரல் கிசுகிசுப்பு, கண்கள் தரையில். “யூ டிட்ன்ட் டிராவல்.”

“என்னடி?”

“ஒரே டைல். த்ரீ டர்ன்ஸ், சேம் டைல். யூ டிட்ன்ட் மூவ் அட் ஆல்.”

“சன்னிதில நின்னுண்டு என்ன டிராவல்?” என்று ராமசுப்ரமணியன் மெல்ல அதட்டினான். “வெளில வந்து பேசுங்க.”

ஆனால் நாகலக்ஷ்மி கீழே பார்த்தாள். இரண்டு பாதங்களும் ஒரு சதுரக் கல்லுக்குள், கோட்டைத் தொடாமல் இருந்தன. தலை சுற்றவில்லை. கண்ணை மூடியிருந்தும் தலை சுற்றவில்லை. மீண்டும் ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இரண்டாம் முறை சுற்றினால் அது கும்பிடுவதாகுமா, பரிசோதிப்பதாகுமா என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுச் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அதே கல்.

“அண்ட் யூ ஆர் கோயிங் ரைட்” என்றாள் அதிதி. “ரிங்க்ல யூ ஆல்வேஸ் கோ லெஃப்ட்.”

முதல் வகுப்பில் யாரோ ஒரு பயிற்சியாளர் வரிசையாக எல்லோரையும் கேட்டது நினைவுக்கு வந்தது. எந்தக் கையால் எழுதுவீர்கள்? வலது. அப்படியானால் இடப்பக்கமாகச் சுழலுங்கள். அவ்வளவே. அதற்கு முன் ஆறு வருடம் அதிதியும் மற்றக் குழந்தைகளும் இடப்பக்கமாகச் சுழல்வதைப் பார்த்துப் பார்த்து, பனியில் சுழல்வதென்றால் இடப்பக்கம்தான் என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். தொழிலால் எதையும் இரண்டு பக்கமும் சோதிப்பவள், தன் உடலை மறுபக்கம் ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. கோயிலில் சுற்றுவதும் ரிங்கில் சுழல்வதும் ஒரே உடம்பின் ஒரே செயல் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நாற்பது வருடப் பழக்கம் ஓர் அலமாரியில் இருந்தது. பதினான்கு மாத முயற்சி இன்னோர் அலமாரியில் இருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் ராமசுப்ரமணியன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் காருக்குப் பக்கத்தில் நின்று, மறுபக்கமாக, இடமாக, தன்னைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டாவது சுற்றில் வானம் சரிந்தது. காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். அடிவயிற்றில் ஏதோ கூசியது. பனியில் ஒவ்வொரு முறையும் சுழற்சிக்குள் நுழைகிற கணத்தில் எழுகிற அதே கூச்சம். அதைத்தான் இத்தனை நாளும் பயம் என்று நினைத்திருந்தாள்.

“என்ன பண்ற? எல்லாரும் பாக்கறாங்க.”

“செக் பண்றேன்.”

“கோயில் வாசல்ல அப்பிரதட்சிணமா சுத்தாதே, நாகு.”

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குத் தெரிந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குப் புலப்படவில்லை.

மேகன் உடன்படவில்லை. பதினேழு நாட்களில் பக்கத்தை மாற்றுவது கூடாது என்றாள். சுழலும் கால் மாறும், நுழையும் வளைவு மாறும், தாவல்கள் இடப்பக்கமாகவே இருக்கும். நிகழ்ச்சிக்குள் ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் வைத்தால் உடல் குழம்பிப்போகும். விதிப்படி தடையில்லை, ஆனால் அறிவுடைமை ஆகாது. இடப்பக்கத்தில் இரண்டரை வந்துவிட்டது, அரைச் சுற்றுதான் பாக்கி. தேர்வு முடியட்டும், பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

பிறகு என்று ஒன்று இல்லை என்பதை நாகலக்ஷ்மி மேகனிடம் சொல்லியிருக்கவில்லை. நாற்பத்து நான்கு வயதில் ஒரு வாக்குக்குக் கட்டுப்பட்டு விளையாட்டை விடப்போவதாக, இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? தலையாட்டினாள். வகுப்பு நேரத்தில் இடப்பக்கம் சுழன்றாள். வகுப்பு முடிந்து, மேகன் அடுத்த மாணவியிடம் போன பிறகு, மூலையில் ஒதுங்கி வலப்பக்கம் முயன்றாள்.

முதல் நாள் வலது கால் குழந்தையைப் போல நடுங்கியது. வளைவு நிலைக்கவில்லை, இரண்டு முறை முழங்காலில் விழுந்தாள். விழும்போதெல்லாம் இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். நான்காம் நாள் ஒரு சுழற்சி பிடித்தது. எப்படியென்று சொல்லத் தெரியாது. பம்பரம் ஒரே இடத்தில் நின்று உறங்குவது போல, பிளேடுக்கு அடியில் இரைச்சல் அடங்கி ஒரு மென்மையான ஓசை மட்டும் கேட்டது. நின்றதும் குனிந்து பார்த்தாள். காப்பித் தம்ளரின் ஈரத்தடம்.

“அக்கா! எண்ணினீங்களா? மூணு!”

நேசமலர் தளத்தைச் சுற்றியிருந்த வேலியில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மூடியைத் திருகிவிட்டுத் தலையசைத்தாள். “ரெண்டு.”

“மூணு அக்கா. நான் எண்ணினேன்.”

“முதலாவது சுத்து ரெண்டு காலிலயும் நிண்டெல்லோ சுத்தினீர்? கால் தூக்கின பிறகுதான் கணக்கு. ரெண்டு.” பிறகு முகத்தைப் பார்த்து இரங்கினாள். “ஆனா வடிவா இருந்தது. நான் பொய் சொல்லேல்ல. அப்பிடியொரு இடத்தில நிண்டது.”

நாகலக்ஷ்மி மறுபடி முயன்றாள். மறுபடியும் மூன்று, அதாவது இரண்டு. தடம் சுத்தமாக இருந்தது, தலை சுற்றவில்லை, வேகமும் மிச்சமிருந்தது. ஆனாலும் மூன்று முடிந்ததும் கால் இறங்கிவிட்டது. இடப்பக்கம் உடல் விழுந்துவிடுவோம் என்று நின்றது. வலப்பக்கம் வேலை முடிந்தது என்று நின்றது. எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“உங்கட கோயில் உமக்குப் பாதி உதவிதான் செய்திருக்கு” என்றாள் நேசமலர், கதையைக் கேட்டுவிட்டு. “எங்கட சேர்ச்சில சின்ன வயசில இருந்து முழங்கால்ல நிண்டு நிண்டு எனக்குக் குந்திச் சுத்திறது சுகமா வந்திட்டுது. மேகன் அதிசயப்படுறாள். நான் சொல்லேல்ல, அது செபமாலையின்ர வேலையெண்டு.”

“நான் விளையாடலை, அக்கா. ஃபெயிலானா அவ்வளவுதான். அதோட நிறுத்தறேன்னு வீட்டுல சொல்லியிருக்கேன்.”

நேசமலரின் சிரிப்பு நின்றது. “ஆர் கேட்டது?”

“யாரும் கேக்கலை. நானே சொன்னேன்.”

“நல்ல விசரி” என்றாள் நேசமலர். பைத்தியக்காரி என்ற அந்தச் சொல்லில் கோபம் இல்லை. “அப்ப நாலு சுத்தும்.”

நாலு சுற்றுவது சொல்வதைப் போல் எளிதாக இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் கழுவிவிட்டுச் சமையலறைத் தரையில் காலுறையோடு நின்று சுற்றினாள். நான்கு என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு தொடங்கினாலும், மூன்றின் முடிவில் பாதங்கள் இணைந்துவிட்டன. நான்காவது சுற்று என்ற ஒன்றை அவள் உடம்பு அறிந்ததே இல்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியாத இடத்துக்குப் போகாமல் இருப்பதில் அவள் உடம்பு அவளைப் போலவே இருந்தது.

மூன்றாம் நாள்தான் தன் கைகளைக் கவனித்தாள். சுழற்சியில் விரித்த கைகளை மார்புக்கு இழுத்தால் வேகம் கூடும். அதனால் கைகளைச் சேர்க்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சேர்ந்த உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொட்ட கணத்தில் உடல் அதைக் கும்பிடாக எடுத்துக்கொண்டது. கும்பிட்டாயிற்று, நில். பழுதைக் கண்டுபிடித்ததும் அவளுக்குள் இருந்த சோதனைக்காரி அமைதியானாள். ஒரே ஒரு மாற்றம் செய்து பார்க்க வேண்டும். கைகளை மூன்றாவது சுற்று வரைக்கும் சேர்க்கக்கூடாது. குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது போல ஒரு முழ இடைவெளியில் வளைத்தே வைத்திருக்க வேண்டும். மூன்று தாண்டிய பின் சேர்க்கலாம்.

பத்தில் மூன்று முறை அது பலித்தது. மற்ற ஏழு முறை கைகள் அவளைக் கேட்காமல் சேர்ந்துகொண்டன.

ராமசுப்ரமணியன் தண்ணீர் குடிக்க வந்தவன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுற்றும் இடத்துக்கும் சமையலறை நடுவிலிருந்த கிரானைட் மேடைக்கும் உள்ள தூரத்தை அவன் கண் அளந்தது. பாத்திரம் துடைக்கும் துண்டை எடுத்து நான்காக மடித்து, கிரானைட்டின் கூரிய முனையில் தொங்கவிட்டான்.

“தலை பட்டுடப் போகுது.”

“படாது.”

“படாதுன்னு தெரியும். இருந்தாலும்.” துண்டின் நுனியைச் சரிசெய்தான். “நாகு, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீ ஃபெயிலானா நல்லதுன்னு எனக்கு ஒரு பக்கம் தோணுது. தோணக் கூடாதுதான். ஆனா தோணுது.”

“தெரியும்” என்றாள் அவள்.

“எப்படித் தெரியும்?”

“உங்க எடத்துல நான் இருந்தா எனக்கும் அதான் தோணும்.”

அவன் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். துண்டை எடுக்கவில்லை.

தேர்வு நாளன்று பனித்தளத்தில் அவளையும் சேர்த்து ஏழு பேர் தேர்வுக்கு வந்திருந்தார்கள். மற்ற ஆறு பேரும் வேறு நிலைகளுக்கு வந்த குழந்தைகள். மூன்று நடுவர்கள் தடித்த கோட்டுகளுடன், முழங்காலில் போர்வையுடன், வேலிக்கு அப்பால் நீள மேசையில் அமர்ந்திருந்தார்கள். நாகலக்ஷ்மி பலகையில் உட்கார்ந்தாள். காலணியின் நாடாவை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினாள். இறுக்கினால் கால் மரத்தது. தளர்த்தினால் கணுக்கால் ஆடுவதாகத் தோன்றியது. அதிதி அவள் தலைமுடியில் ஊசிகளைக் குத்திவிட்டு, “ப்ரீத், அம்மா” என்றாள். “யூ ஆர் நாட் ப்ரீதிங்.”

“எங்கே அப்பா?”

“பார்க்கிங். ஹீ ஸ்டில் ஹேஸன்ட் கம் இன்.”

எந்தப் பக்கம் என்பதை அவள் இன்னும் தீர்மானிக்கவில்லை. மேகனிடம் இடப்பக்கம் என்று சொல்லியிருந்தாள். நேசமலரிடம் வலப்பக்கம் என்று சொல்லியிருந்தாள். இரண்டையும் மனமார நம்பியே சொன்னாள்.

இசை தொடங்கியது. முதல் தாவல் நன்றாக இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. அடிவைப்புகளில் ஓரிடம் சறுக்கினாலும் யாரும் பார்க்கவில்லை என்று தேற்றிக்கொண்டாள். நிகழ்ச்சியின் நடுவில், பனியில் வரைந்திருந்த நீல வட்டத்துக்கு அருகில், சுழற்சிக்கான இடம் வந்தது. தீர்மானிக்க அவளுக்கு ஒரு கணம் கிடைத்தது. அந்தக் கணத்தை அவள் பயன்படுத்துவதற்குள், நூற்றுக்கணக்கான விடியல்கள் பழக்கிவைத்த இடது கால் தானாக வளைவைத் தொடங்கிவிட்டது. கூச்சம் எழுந்தது. ஒன்று. இரண்டு. பனி சரிந்தது. வலது கால் இறங்கியது. குனிந்து பார்க்கவேண்டிய தேவையே இல்லை.

மிச்ச நிகழ்ச்சியை யாரோ செய்தார்கள். அவள் இல்லை. கைகளை விரித்து, நிறைவுக்கோலத்தில் நின்று, புன்னகைத்தாள். காலணியை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தாள். ஏழரை அளவு. நேசமலருக்குப் பெரியது.

நடுவர்கள் தலைகளைச் சேர்த்துப் பேசினார்கள். பிறகு நடுவில் இருந்தவர் எழுந்து வேலிக்கு வந்து கையசைத்தார். ஒரேயொரு அம்சத்தை மறுபடி செய்து காட்டச் சொல்ல அவர்களுக்கு இடமுண்டு. அந்தச் சுழற்சியை மட்டும், இசையில்லாமல், இன்னொரு முறை பார்க்க விரும்புகிறோம் என்றார். தயாரானதும் தொடங்கலாம்.

மேகன் வேலிமேல் குனிந்து அவள் இரு தோள்களையும் பற்றினாள். இடது, இடது, வளைவைப் பிடித்துக்கொள், அரைச் சுற்றுதான் என்றாள். நாகலக்ஷ்மி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகமும் பயந்திருந்தது. அதைப் பார்த்ததும் ஏனோ தன் பயம் கொஞ்சம் இடம் விட்டது.

“நான் மறுபக்கம் போகிறேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். “மன்னித்துவிடு. பிறகு என்று எனக்கு ஒன்று இல்லை.”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் துணிவு போய்விடும்.

இசை இல்லாத பனித்தளத்தில் பிளேடின் கரகரப்பு கூரைவரை கேட்டது. பின்னோக்கி இரண்டு அடி எடுத்து, திரும்பி, வலது காலில் வளைவைத் தொடங்கினாள். பொறு, பொறு என்று தனக்கே சொன்னாள். வளைவு சுருங்கியது, திரும்பியது, பிடித்துக்கொண்டது. இரைச்சல் அடங்கியது. இடது கால் எழுந்தது. இனிமேல்தான் கணக்கு.

ஒன்று. வேலி, மேசை, கோட்டுகள், வேலி. எதுவும் சரியவில்லை.

இரண்டு. கைகள் மார்பை நோக்கி வரத் தொடங்கின. அவள் அவற்றைத் தடுத்து, வளைத்து, இல்லாத ஒரு குழந்தையைச் சுமப்பது போல வைத்துக்கொண்டாள். தோள்கள் வலித்தன. முதலாவதையும் சேர்த்து எண்ணினால் இது மூன்று. இந்த இடத்தில் உடம்பு எப்போதும் நின்றிருக்கிறது. பாதம் இறங்கத் துடித்தது. தூக்கிய காலின் பெருவிரல் காலணிக்குள் பனியைத் தேடியது. முடிந்தது, முடிந்தது என்று நாற்பது வருடம் சொல்லியது.

அவள் நிற்கவில்லை. எதிரே சாமி இல்லை. அங்கே வேலி இருந்தது, அதுவும் போய்விட்டது, மேசை வந்தது, அதுவும் போனது. தான் இதுவரை போகாத ஓர் அறைக்குள் விளக்கில்லாமல் நுழைவதைப் போல அந்தச் சுற்று நீண்டது. அதற்குள் ஒன்றும் இல்லை. விழுதல்கூட இல்லை. பயம் இருந்தது, ஆனால் அது அவளோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருந்தது. அப்போதுதான் கைகளைச் சேர்த்தாள். சேர்ந்ததும் வேகம் கூடி, இன்னொரு அரைச் சுற்று அவளைக் கேளாமல் நடந்தது. பிறகு இடது கால் பின்னால் இறங்கி, அவள் வெளியே வழுக்கிக்கொண்டு வந்தாள்.

குனிந்து பார்த்தாள். வட்டத்தின்மேல் வட்டம், ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்க முடியவில்லை. அவளால் எண்ண முடியவில்லை.

பதினைந்து நிமிடம் கழித்து மேகன் தாளைக் கொண்டுவந்தாள். மூன்று நடுவர்களில் இருவர் தேர்ச்சி என்று எழுதியிருந்தார்கள். மூன்றாமவர், தாவல்கள் ஒரு பக்கமும் சுழற்சி மறுபக்கமும் இருப்பதைக் கவனிக்கவும் என்று மட்டும் குறித்திருந்தார். பெரும்பான்மை போதும். மேகன் தாளை நீட்டியபடி, ‘பிறகு இல்லை’ என்றால் என்ன பொருள் என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றாள் நாகலக்ஷ்மி. அந்தச் சொல் தன் வாயில் வந்ததைக் கவனித்து ஒரு கணம் நின்றாள்.

“அடுத்தது குந்திச் சுத்திறதெல்லோ” என்று பலகைகளுக்கு மேலிருந்து நேசமலர் கூவினாள். “முழங்காலைப் பழக்க வேணும். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்கு வாரும்!”

ராமசுப்ரமணியன் படிகளில் இறங்கி வந்தான். எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“பாத்தீங்களா?”

“பாத்தேன். ரெண்டு தடவையும்.” பனித்தளத்தைப் பார்த்தான். “மூணோட நிறுத்திடுவேன்னு நினைச்சேன்.”

“நானும்.”

அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை. “குந்தி சுத்தறதுன்னா... கீழே எவ்வளவு தூரம் போகணும்?”

அவனுடைய வலது கை கோட்டுப் பைக்குள் எதையோ இறுகப் பிடித்திருந்தது. அவள் அதை வெளியே இழுத்தாள். சமையலறைத் துண்டு. நான்காக மடித்த மடிப்புக் குலையாமல் இருந்தது. அத்தனை பெரிய பனித்தளத்தில் அதைத் தொங்கவிட ஒரு முனை கிடைக்காமல் அவன் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

நாகலக்ஷ்மி வலது காலைத் தூக்கி முழங்கால்மேல் வைத்தாள். பிளேடில் ஒட்டியிருந்த பனி உருகிச் சொட்டத் தொடங்கியிருந்தது. துடைக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். துண்டை விரித்து, குதிகாலிலிருந்து நுனிவரை, மெதுவாகத் துடைத்தாள். அவன் அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவள் அடுத்த காலைத் தூக்குவதைப் பார்த்தான்.